வலிக்கிற இடுப்பில் குடம் எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. அப்பா இறந்த பிறகு, இரண்டு வருடமாக முதுகுவலி, இடுப்புவலி என்கிறார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. எலும்பு டாக்டர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார். இப்போதைக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். விடியற்காலை மூணு மணிக்கே எழுந்துவிடுகிறார், அதனால் குழாய்த் தண்ணீர் பிடிக்கும் வேலை எங்களுக்கு மிச்சம். அம்மா நடிக்கிறாரோ என்கிறாள் என் மனைவி.
- பெயர் வேண்டாம், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தம்பி, நடிப்பா இல்லையா என்பது இருக்கட்டும். அந்த மூணு மணியைப் பற்றிப் பேசுவோம்.

இடுப்பு வலிக்கிறது என்று இரண்டு வருடமாகச் சொல்கிறவர் இருட்டில் எழுந்து குடம் தூக்குகிறார். நீங்கள் இருவரும் போர்த்திக்கொண்டு தூங்குகிறீர்கள். அதை 'மிச்சம்' என்று எழுத எப்படி மனசு வந்தது? நடிக்கிறவர் தண்ணீர் தூக்கமாட்டார்.

விடியுமுன்பே விழிப்பு வந்து, மறுபடி தூக்கம் பிடிக்காமல் போவது மனச்சோர்வின் முக்கியமான அறிகுறி. பலருக்கு அந்த நேரத்தில்தான் மனது ரொம்பக் கனக்கும், பொழுது சாயச் சாயக் கொஞ்சம் தேவலை என்பார்கள். அந்த இருட்டில் அம்மா என்ன நினைக்கிறார் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

ஸ்கேன் எலும்பையும் ஜவ்வையும் காட்டும், வலியைக் காட்டாது. செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்களுக்கு மனநிலையிலும் பங்கு உண்டு. தண்டுவடம் வழியாக ஏறிவரும் வலியை மட்டுப்படுத்துவதிலும் பங்கு உண்டு. மனச்சோர்வில் இந்த ஏற்பாடு தடுமாறினால் சின்ன வலியும் பெரிதாகத் தெரியும். வலி தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் மனது இன்னும் சோரும், வலி இன்னும் ஏறும். அதனால்தான் டுலோக்செட்டின் என்ற ஒரே மருந்தை மனச்சோர்வுக்கும் கொடுக்கிறார்கள், நாள்பட்ட முதுகுவலிக்கும் கொடுக்கிறார்கள். எலும்பு டாக்டர் கை கழுவவில்லை, சரியான இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார். அதை விட்டுவிட்டு மாதக்கணக்கில் வலி மாத்திரை கொடுத்தால் வயிறு புண்ணாகலாம், சிறுநீரகமும் கெடலாம்.

பெற்றவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது மகனின் கடமை. மனைவி தலையில் கட்டாதீர்கள். லீவு போட்டுவிட்டுக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போங்கள், இல்லையென்றால் புதுச்சேரி பஸ் ஏறி கோரிமேடு ஜிப்மருக்குப் போங்கள். பழைய ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். மூணு மணி விஷயத்தை நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள், அம்மா வாய் திறக்கமாட்டார். தைராய்டு, ரத்தசோகைக்கும் பரிசோதனை எழுதலாம். மருந்து பிடிபடச் சில வாரங்கள் ஆகும், பத்து நாளில் 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள்.

அதற்கு முன்னால், இன்று ராத்திரியே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "இருந்து என்ன ஆகப்போகுதுன்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வீட்டில் எப்படிப் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இலவசம்தான், எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.