பெல்லட் அடுப்பில் தார் பிடித்தால்: கேள்வி பதில்

மூணாறு, குமுளி, கூடலூர் பக்கம் ஹோம்ஸ்டேகளிலும் மெஸ் சமையற்கட்டுகளிலும் பெல்லட் அடுப்பு (மரத்தூள் போன்றவற்றை இறுக்கிச் செய்த சிறு குச்சிகளை எரிக்கும் அடுப்பு) வைத்திருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன் கேட்டவை இவை. எல்லாம் கிரியோசோட் பற்றியவைதான், அதாவது புகைக்குழாய்க்குள் படிகிற கருந்தார்.

குமுளி, ஹோம்ஸ்டே: அண்ணே, பெல்லட்டுல தாரே பிடிக்காதுன்னு சொல்லித்தான் வித்தாங்க. இப்ப குழாய் மூட்டுல கறுப்பா ஒழுகுது. ஏன்?

சரியாக எரியும் பெல்லட் அடுப்பின் குழாயில் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள்தான் இருக்கும். தார் ஒழுகுகிறது என்றால் புகை எரியாமலே வெளியேறுகிறது. மரத்தூள் சூடானதும் அதிலிருந்து ஆவி கிளம்பும். போதிய சூடும் காற்றும் கிடைத்தால் அந்த ஆவி தீயிலேயே எரிந்து தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் அப்படியே குழாய்க்குள் போய், குழாய்ச் சுவர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கிற இடத்தில் நீரும் தாருமாகப் படியும். ஈரமான பெல்லட், காற்றுக் குறைவு, குளிர்ந்த குழாய் என்று மூன்றே காரணங்கள். எதைச் சுரண்டுவதற்கு முன்பும் இந்த மூன்றில் எது என்று கண்டுபிடியுங்கள். இல்லையென்றால் சுரண்டிய இடத்தில் மறுபடியும் படியும்.

சுவருக்கு வெளியே ஒற்றைத் தகடு குழாய் பனியில் நிற்கிறதா? அதை மாற்றி, பெல்லட் அடுப்புக்கென்றே வரும் இரட்டைச் சுவர் குழாய் போடுங்கள். இன்னொன்று, இதுதான் அவசரம்: இந்த அடுப்பில் புகையைப் புளோயர், அதாவது மின்விசிறி, வெளியே தள்ளுகிறது. தார் கசிகிற மூட்டு வழியாகக் கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது. அந்த மூட்டை அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பசை வைத்து அடைக்கும்வரை அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். விருந்தினர் தூங்கும் அறை என்றால் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

குமுளி, இன்னொருவர்: கம்பத்துல வாங்குறப்ப நல்லா இருந்த பெல்லட், ஆடி மாசம் புகையா கக்குது.

கம்பம் மழைமறைவுப் பகுதி. மேலே குமுளியில் மழையும் மூடுபனியும். சிமெண்ட் தரையில் வைத்த சாக்கு அடியிலிருந்தே ஈரத்தை இழுக்கும். பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள். நல்லதானால் 'டக்'கென்று ஒடியும், மேல்பரப்பு மினுங்கும். ஈரம் ஏறியது ஊதிப் பருத்து, விரலிலேயே உதிரும். அதை வெயிலில் காயவைத்தாலும் பழைய இறுக்கம் திரும்பாது, தூளாகி, பெல்லட்டைத் தீக்குத் தள்ளும் ஸ்க்ரூவை அடைக்கும். கட்டைகளை அடுக்கி அதன்மேல், சுவரிலிருந்து தள்ளி மூட்டையை வையுங்கள். பிரித்த மூட்டையை மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டிவிடுங்கள். மழை மாதங்களில் மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம்.

கூடலூர், மெஸ்: தினமும் எரிகிண்ணத்துல கல்லு மாதிரி கட்டி பிடிக்குது. அதுக்கும் தாருக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம். அது கிளிங்கர், சாம்பல் உருகி இறுகியது. பெல்லட் எரியும் கிண்ணத்தின் காற்றுத் துளைகளை அடைத்துவிடும், காற்று குறையும், தீ சோம்பலாகும், புகை தாராகும். கடலைத்தோல், உமி கலந்த பெல்லட்டில் இது அதிகம். உமியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல்தான். சுத்தமான மரத்தூள் பெல்லட்டில் 1 சதவீதம் அளவுக்குத்தான் வரும். ஒரு மூட்டை மரத்தூள் பெல்லட் மட்டும் போட்டுப் பாருங்கள். கட்டி நின்றுவிட்டால் குற்றம் அடுப்பில் இல்லை. எதுவானாலும் காலையில் பற்றவைக்கும் முன் கிண்ணத்தைச் சுரண்டி, ஒவ்வொரு துளையையும் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். துளையைப் பெரிதாக்கக் கூடாது.

தேவிகுளம்: காத்து போதுமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தீயைப் பாருங்கள். பளிச்சென்று மஞ்சளாகத் துள்ளினால் சரி. ஆரஞ்சு நிறத்தில் நெடுக அசைந்து, நுனி கறுத்தால் காற்று போதவில்லை. கண்ணாடி சில மணி நேரத்திலேயே கறுப்பதும் அதே அறிகுறி.

மூணாறு: ராத்திரி முழுக்க ரொம்பக் குறைச்சு வைக்கிறோம். தப்பா?

தப்புதான். குறைந்த தீயில் குழாய் சூடேறாது. அறை சூடானால் அணைத்துவிட்டு, தேவைப்படும்போது மறுபடி பற்றவையுங்கள். நாளுக்கு ஒருமுறை 20 நிமிடமாவது முழுத் தீயில் ஓடட்டும். மழைக்காலக் கரண்ட் கட்டும் இதே சேதம்தான் செய்யும். புளோயர் நின்றதும் கிண்ணத்தில் மிச்சமுள்ள பெல்லட் புகைந்துகொண்டே கிடக்கும். புளோயருக்கு ஒரு சைன்வேவ் இன்வெர்ட்டர் போட்டுவிட்டால் அந்தக் கவலை விடும்.

கூடலூர்: முழுசா சுத்தம் செய்யும் முறை சொல்லுங்க.

ஒரு டன் பெல்லட் எரிந்ததும், எப்படியும் வருடம் ஒருமுறை, இதைச் செய்துவிடுங்கள். அணைத்து, முழுக்க ஆறவிட்டு, பிளக்கைப் பிடுங்குங்கள். கிண்ணம், சாம்பல் தட்டு இரண்டையும் வெளியே எடுங்கள். தீயறையின் பின்தகட்டைக் கழற்றினால் இருபுறமும் சாம்பல் தேங்கும் அறைகள் தெரியும். பலர் தொடாமலே விடும் இடம் இது. காற்று பாதியாகக் குறைவது இங்கேதான். வெப்பக் குழாய்களின் வெளிப்புறத்தைத் தேயுங்கள். புகைப் புளோயரைக் கழற்றி, விசிறி இதழ்களைப் பெயிண்ட் பிரஷால் துடைத்து, புது கேஸ்கட் வைத்து மாட்டுங்கள்.

பிறகு குழாய். அடியிலுள்ள T வடிவ இணைப்பின் மூடியைத் திறந்து ஒரு பையைக் கட்டிக்கொள்ளுங்கள். குழாய் 3 அங்குலமானால் பிரஷும் 3 அங்குலம், நைலான் முடி, வளையும் கம்பி. கம்பிகளைத் திருகி இணைத்திருந்தால் வலப்பக்கமாக மட்டுமே சுழற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுழற்றினால் பிரஷ் கழன்று உள்ளேயே நின்றுவிடும். உச்சி மூடியில் குளவிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, அடுப்புக் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். எளிதாக வந்தால் கதவைச் சுற்றியுள்ள கயிறு கேஸ்கட் தேய்ந்துவிட்டது. அந்த இடுக்கில் நுழையும் காற்று கிண்ணத்துக்குப் போகாது.

வண்டன்மேடு: குழாய்க்குள்ள தாரு கண்ணாடி மாதிரி பளபளன்னு இறுகிப் போச்சு. பிரஷ்ல வரல. உளியால தட்டலாமா?

வேண்டாம், குழாய் நெளியும், மூட்டு பிளக்கும். கிரியோசோட்டை உதிரவைக்கும் ரசாயனத்தை அடுப்புத் தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அது இறுகலைப் பொரியவைக்கும். பொரிந்ததைப் பிறகு பிரஷ் போட்டு இறக்கியே ஆக வேண்டும். நாலைந்து அடிக் குழாய் என்றால் புதிதாக மாற்றிவிடுவதே என் யோசனை.

வண்டன்மேடு: கல் உப்பு போட்டா உதிரும்ங்கிறாங்களே?

போடாதீர்கள். உப்பிலுள்ள குளோரின் எஃகை அரிக்கும், ஸ்டெயின்லெஸ்ஸையும் விடாது.

மூணாறு: குழாய்க்குள்ளயே தீப்பிடிச்சா?

ரயில் ஓடுவதுபோல் இரைச்சல் கேட்கும், குழாய் சிவக்கும். உள்ளே சூடு 1000 டிகிரியைத் தாண்டலாம். முதலில் எல்லோரையும் வெளியேற்றி 101 அல்லது 112-க்குக் கூப்பிடுங்கள். அடுப்புக் கதவைத் திறக்காதீர்கள். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஒரே நொடியில் நீராவியாகி வெடிக்கும். தீ அணைந்தபின் குழாய் முழுவதையும் பரிசோதிக்காமல் மறுபடி பற்றவைக்கக் கூடாது.

தேவிகுளம்: எடுத்த சாம்பலை வேக்குவம் கிளீனர்ல உறிஞ்சலாமா?

சாதாரண வேக்குவத்தில் கூடாது. சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும், பை பற்றிக்கொள்ளும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, மரப்படி, விறகு எதுவும் அருகில் இல்லாத வெட்டவெளியில் வையுங்கள்.