கறுப்புச் சதுப்பில் வாய்க்கால் வெட்டலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டோங்காட் பக்கம் எங்கள் கரும்புத் தோட்டத்தின் அடிப்பள்ளத்தில் மூன்று ஏக்கர் கறுப்புச் சதுப்பு சும்மா கிடக்கிறது. வாய்க்கால் வெட்டி, காய்ந்ததும் நெருப்பு வைத்து, யூக்கலிப்டஸ் நடச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். என் மகன் வாழையும் அமடும்பே என்கிற சேப்பங்கிழங்கும் போடலாம் என்கிறான். எதைச் செய்வது?

பதில்: முதலில் மண்ணைப் பாருங்கள். முழங்கை ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். பழுப்புத் தண்ணீர் வடிந்து கையில் நாரும் வேரும் மிஞ்சினால், அது பீட், அதாவது முழுக்க மக்காத செடிகொடி சேர்ந்த மண். சந்தேகம் இருந்தால் ஒரு கட்டியை வெயிலில் காயவைத்துத் தணலில் போடுங்கள். களிமண் கெட்டிப்பட்டு அப்படியே கிடக்கும். பீட் கனன்று சாம்பலாகிவிடும். அப்புறம் ஒரு நீளக் கம்பியைக் குத்தி எவ்வளவு ஆழம் என்று பாருங்கள்.

பீட் என்றால் பக்கத்துக்காரர் யோசனை வேண்டவே வேண்டாம். தண்ணீருக்கடியில் காற்றுப் படாமல் கிடப்பதால்தான் அந்தச் செடிகொடி மக்கி முடியாமல் மண்ணாக நிற்கிறது. ஒரு மீட்டர் சேர ஆயிரம் ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். செயிண்ட் லூசியா பக்கத்து ம்ஃபாபேனி சதுப்பில் அது பத்து மீட்டர் ஆழம், வயது 40,000 ஆண்டுகளுக்கும் மேல். நீரை வடித்தால் காற்றுப் பட்டு மக்கத் தொடங்கும். முதல் ஓரிரு போகம் அமோகமாக விளையும், அதுதான் ஆளை ஏமாற்றுவது. பிறகு நிலம் அமிழும், வாய்க்காலை இன்னும் ஆழப்படுத்துவீர்கள், மறுபடி அமிழும். இந்தோனேசியாவில் வடித்த பீட் நிலங்கள் முதல் ஐந்து ஆண்டில் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கின. முழுக்கக் காய்ந்த பீட் திரும்ப நீரை உறிஞ்சவும் செய்யாது.

யூக்கலிப்டஸ் வாய்க்கால் இல்லாமலே நீரை இறக்கிவிடும். வடக்கே மாபுடாலாந்துக் கடலோரத்தில் வாசி சதுப்பு, தோட்ட மரங்களுக்கு நடுவே நீர்மட்டம் தாழ்ந்து, நிலத்தடியில் தீப்பிடித்துப் புகைந்தது. விற்பனைக்கு மரம் வளர்க்க 1998 தேசிய நீர்ச் சட்டப்படி அனுமதியும் வேண்டும்.

மகன் சொல்வதில் பாதி சரி. அமடும்பே ஈரத்தைத் தாங்கும். ஆனால் அதே மாபுடாலாந்தின் கோசி பே பக்கம் சதுப்புக்காட்டை வெட்டி, எரித்து, வாய்க்கால் போட்டு வாழையும் அமடும்பேயும் வைத்தவர்களுக்கும் இதே கதைதான். அதனால் பீட் முடிந்து மணல் தொடங்கும் விளிம்பில் மேட்டுப்பாத்தி போட்டு நடுங்கள். வாழை அதற்கும் மேலே. அதற்கும் முன்னால் விவசாய விரிவாக்க அலுவலரை வரவழையுங்கள். 1983 மண்வளப் பாதுகாப்புச் சட்டப்படி, எழுத்துமூல அனுமதியில்லாமல் சதுப்பை வடிக்கவும் கூடாது, உழவும் கூடாது. களிமண்ணாக இருந்தாலும் இது பொருந்தும்.

நடுப்பகுதியைக் கோரைக்கு விடுங்கள். ஜூலு பெண்கள் பாய் முடைய அறுக்கும் இக்வானே கோரை அங்கே தானாகவே வளரலாம். அறுப்புக்கு விட்டால் பெரிய காசில்லை, ஆனால் முதலீடும் இல்லை. பழைய வாய்க்கால் ஏதாவது இருந்தால் மணல்மூட்டை போட்டு அடைத்துவிடுங்கள்.

இன்னொன்று, வெட்டுக்கு முன் கரும்புச் சோகையை எரிப்பது. வறண்ட குளிர்காலத்தில் சதுப்பு ஓரத்து வரிசைகளை எரிக்காமல் பச்சையாகவே வெட்டுங்கள். பீட்டில் பொறி இறங்கினால் மேலே டாங்கர் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. சுற்றிலும் ஈரமண் வரை தோண்டி, உள்ளே நீரைத் தேக்கி நிறுத்த வேண்டியிருக்கும்.