பால் கொடுக்கும் தாய்க்கு ஒருசந்தி கடனில்லை

கேள்வி: எனக்கு மூன்று பிள்ளைகள். மகள் பத்தாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு, கடைக்குட்டிக்கு எட்டு மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்க ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுதாகச் சாப்பிடும் நோன்பு) இருக்காவிட்டால் பாவம் என்கிறார் மாமியார். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கும் (இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாகத் தியானிக்கும் செபம்) போக முடிவதில்லை. எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு) ஒருவர், 40 நாளும் குடும்பத்துக்குப் பூசை வைத்துத் தருவதாக ஒரு தொகை கேட்கிறார். அதைக் கட்டினால் குறை தீருமா? வீட்டில் இருந்தபடி நான் என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, தூத்துக்குடி.

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

பூசைக் காணிக்கை எவ்வளவு என்பதை மறைமாநிலத்து (சில மறைமாவட்டங்கள் சேர்ந்த பகுதி) ஆயர்கள் முடிவு செய்கிறார்கள். அதைப் பங்கு அலுவலகத்திலோ குருவின் கையிலோ நேரடியாகக் கொடுத்து, கருத்தை, அதாவது யாருக்காக, எதற்காகப் பூசை என்பதை, பதிவேட்டில் எழுதச் சொல்லி, ரசீது வாங்க வேண்டும். நடுவில் ஒருவர் நின்று வசூலிக்க வேலையே இல்லை. பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 947. காணிக்கை இல்லாவிட்டாலும் மக்களின் கருத்துக்காக, குறிப்பாக ஏழைகளின் கருத்துக்காக, பூசை வையுங்கள் என்று குருக்களுக்குச் சொல்கிறது சட்டம் 945. இறந்த ஒருவருக்காக இடைவிடாமல் 30 நாள் பூசை வைக்கும் கிரகோரியன் வழக்கம் உண்டு. அதை இழுத்து நீட்டி உயிரோடு இருப்பவர்களுக்கு ‘40 நாள் திட்டம்’ என்று விற்கிறார்கள். தவக்காலம் வந்தால் இந்த ஆட்களும் வந்துவிடுகிறார்கள். யாத்திரை பஸ்ஸுக்கு ஆள் பிடிக்கும்போதே பூசைக் கருத்துக்கும் பணம் வாங்கும் ஆட்கள், எண்ணெய்ப் புட்டியை ‘மந்திரித்தது’ என்று நீட்டும் ஆட்கள், பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் வீட்டில் கெடுதல் வரும் என்று வாட்ஸ்அப்பில் மிரட்டும் ஆட்கள். இவர்களில் யாருக்கும் பதில்கூடச் சொல்ல வேண்டாம்.

இனி ஒருசந்தி. சட்டப்படி ஒருசந்திக் கடன் இரண்டே நாள்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. அந்த நாட்களில் ஒரு முழுச் சாப்பாடு. காலையிலும் இரவிலும் கொஞ்சமாக ஏதாவது. தண்ணீருக்குத் தடையே கிடையாது. 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும் வரைதான் இந்தக் கடன். கறி தவிர்ப்பது வேறு: 14 வயது நிறைந்தவர்கள் அந்த இரண்டு நாளும், தவக்காலத்தின் மற்ற வெள்ளிக்கிழமைகளிலும் கறி தொடக் கூடாது. கோழியும் கறிதான். மீன், முட்டை, பால் சாப்பிடலாம். ஆகவே உங்கள் மகள் கறியை விட்டால் போதும். பொதுத்தேர்வு நேரத்தில் பட்டினி வேண்டாம். மகனுக்குச் சட்டப்படி எதுவும் இல்லை. மாமியாருக்கு 59 முடிந்திருந்தால் அவருக்குமே கடனில்லை. ஆனால் அதை நீங்கள் சொல்ல வேண்டாம், பங்குத்தந்தை வாயால் சொல்லட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். சட்டம் 1252 வயதை மட்டும்தான் சொல்கிறது, பால் கொடுக்கும் தாய் என்று எழுதவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு ‘சட்டத்தில் விலக்கு எங்கே இருக்கிறது’ என்று கேட்பவர்கள் உண்டு. உடலுக்குக் கேடு வரும் இடத்தில் திருச்சபை வகுத்த நோன்புச் சட்டம் கட்டாது என்பது மிகப் பழைய போதனை. கர்ப்பிணியும் பால் கொடுப்பவரும் அதில்தான் அடங்குகிறார்கள். பால் சுரக்க ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தேவை. நீங்கள் பட்டினி கிடந்தால் உங்கள் உடம்பு தளரும், பால் குடிக்கும் பிள்ளையும் சிணுங்கும். இதற்குப் பங்குத்தந்தையிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. மனம் உறுத்தினால் கேளுங்கள்; சட்டம் 1245-இன்படி அவர் நோன்புக்குப் பதிலாக வேறொரு பக்திச் செயலைத் தரலாம். ராத்திரி மட்டும்தான் பால் கொடுக்கிறேன், அதற்கும் விலக்கு உண்டா என்றால், உண்டு. குழந்தை பால் மறந்து, உங்களுக்கும் தெம்பு வந்த பிறகு வரும் தவக்காலத்தில் ஒருசந்தி இருங்கள். கறியை விடுவது மட்டும் உங்களால் முடியும். பருப்பும் முட்டையும் மீனும் இருக்கின்றன. ரத்தசோகை என்று மருத்துவர் ஈரல் சாப்பிடச் சொல்லியிருந்தால், வெள்ளிக்கிழமையானாலும் சாப்பிடுங்கள்.

இவ்வளவையும் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய ஞாயிறு பீடத்திலிருந்து இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். திருவிழா வரிக்கும் கட்டட நிதிக்கும் நீளமாக அறிவிப்பு வாசிக்கும் பங்குகளில் இதற்கு மட்டும் நேரம் இருப்பதில்லை. மறைக்கல்வி முடித்த பெண்கள்கூட மாமியார் சொல்வதையே சட்டமாக நம்புவது இதனால்தான்.

வீட்டுச் சிலுவைப்பாதையைப் பதினான்கு நிலையும் ஒரே மூச்சில் நடத்தாதீர்கள். நான்காவது நிலையிலேயே மகன் நெளிய ஆரம்பிப்பான், நீங்கள் அதட்டுவீர்கள், செபம் சண்டையில் முடியும். ஒரு ராத்திரிக்கு இரண்டு நிலை வைத்தால் ஒரு வாரத்தில் பதினான்கும் முடியும். இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு, டிவியை அணைத்து, பாடுபட்ட சுரூபத்தின் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்) முன்னால் உட்காருங்கள். நிலையின் பெயரை மகன் சொல்லட்டும். மகள் நற்செய்தியிலிருந்து இரண்டு வரி வாசிக்கட்டும். பத்து எண்ணும் வரை மௌனம், பிறகு ஒரு கர்த்தர் கற்பித்த செபம். பத்து நிமிடத்துக்கு மேல் போகவே கூடாது. இயேசு மூன்று முறை விழும் நிலைகள், தாயைச் சந்திக்கும் நிலை, வெரோணிக்கா முகம் துடைக்கும் நிலை ஆகியவை நற்செய்தியில் இல்லை. அவை மரபில் வந்தவை. அந்த நிலைகளில் வாசகம் தேடாமல், இன்று நாம் யாருக்கு உதவினோம் என்று கேளுங்கள். விடுபட்ட ராத்திரியை மறுநாள் சேர்த்துச் செய்ய வேண்டாம்.

உங்களுக்கென்று தனியாக நேரம் கிடைக்காது. பால் கொடுக்கும் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சனி இரவு ஞாயிறு நற்செய்தியைச் சத்தமாக வாசியுங்கள். தவக்கால முதல் ஞாயிறு பாலைவனச் சோதனை, இரண்டாவது ஞாயிறு உருமாற்றம், எல்லா ஆண்டும் இவைதான். அதில் ஒரே வரியை வாரம் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

தர்மம் என்றால் உண்டியல் ஒன்று வையுங்கள். வெள்ளிக்கிழமை கறி வாங்காமல் மிச்சமான காசை அன்றைக்கே போட வேண்டும். ஞாயிறு கணக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது செலவாகிவிடும். கறியை விட்டுவிட்டு வஞ்சிரம் வறுத்தால் சட்டம் மீறப்படாது, உண்டியலில்தான் போட ஒன்றும் மிஞ்சாது. உண்டியல் பணத்தையும் வீடு தேடி வரும் வசூல்காரரிடம் கொடுக்காமல் பங்கின் தவக்காலச் சேகரிப்பிலோ, நீங்களே அறிந்த ஏழைக் குடும்பத்திலோ சேருங்கள்.

பாவசங்கீர்த்தனத்தை, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதை, புனித வாரத்துக்குத் தள்ளாதீர்கள். பல பங்குகளில் ஒரே ஒரு மாலை, இரண்டு குருக்கள், தெருவரை வரிசை. கைக்குழந்தையோடு நிற்க முடியாது. நான்காம் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி, சனியில் ‘ஆண்டவருக்காக 24 மணி நேரம்’ என்ற செப, பாவசங்கீர்த்தன நிகழ்ச்சி நடத்தும் ஆலயங்களில் அதற்கு வசதி இருக்கும். இல்லாவிட்டால் வாரநாள் பூசைக்கு அரை மணி முன்னால் போய்க் கேளுங்கள். மகனுக்கு நீங்கள் பாவப் பட்டியல் எழுதிக் கொடுக்காதீர்கள். வெளியே வந்ததும் ‘சாமியார்கிட்ட என்ன சொன்னே?’ என்றும் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த முறை அவன் உங்களுக்கு ஏற்ற பாவத்தைத்தான் சொல்வான்.