3000 டிகிரிக்கும் மசியாத கரி

அன்புள்ள ஐயா,
மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளில் ஏற்கெனவே பென்சீன் வளையங்கள் (ஆறு கார்பன்கள் சேர்ந்த வளையங்கள்) நிறைய இருக்கின்றன. காற்றில்லாமல் நன்றாகச் சூடாக்கினால் அது கிராஃபைட் (அதே மாதிரி வளையங்கள் தகடுகளாகி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கார்பன்) ஆக வேண்டுமே? ஆவதில்லை என்கிறார்கள். உலையின் சூடு போதவில்லையா? இதில் வாழ்க்கைக்கும் ஒரு பாடம் இருப்பதாகத் தோன்றுகிறது.
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த வாழ்க்கைப் பாடத்தைத் தூக்கிப் போடுங்கள். கரியைக் கரியாகவே பார்க்க நமக்கு ஏன் இவ்வளவு கூச்சம்? மற்றபடி நல்ல கேள்வி, கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சூடு போதாமல் இல்லை. 3000 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோனாலும் வெறும் லிக்னின் கரி ஒழுங்கான கிராஃபைட் ஆகாது. கதை அதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. 200 டிகிரியைத் தாண்டியதும் வளையங்களை இணைக்கும் ஆக்சிஜன் பாலங்கள் அறுபட ஆரம்பிக்கும். விறகுப் புகையின் அந்தத் தனி வாசனை இருக்கிறதே, அது அப்படிப் பிய்ந்துவந்த குவாயகால் போன்ற துண்டுகளுடையது. எல்லாமே புகையாகிப் போய்விடுவதில்லை. மிஞ்சியவை பக்கத்தில் அகப்பட்டதோடு கார்பனுக்குக் கார்பனாக, கண்ட திசையில் ஒட்டிக்கொள்கின்றன. 600 டிகிரி வருவதற்குள் பிடி இறுகிவிடும். அப்புறம் சூடு ஏற ஏற ஹைட்ரஜன் வெளியேறும், வளையங்கள் சேர்ந்து சின்னத் தகடுகளாகும், மின்சாரம்கூடப் பாயும், ஆனால் அந்தத் தகடுகள் திரும்பிப் படுத்து அடுக்காக வழியே கிடையாது.

கிராஃபைட் ஆகும் கரி, ஆகாத கரி என்று பிரித்துச் சொன்னது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. யாருமே கேட்பதில்லை, என் ஆற்றாமையே அதுதான். ரோசலிண்ட் ஃபிராங்க்ளின்! டிஎன்ஏ அமைப்பைக் கண்டுபிடித்ததில் அவருக்குரிய பெயர் கிடைக்கவில்லை என்று உச்சுக்கொட்டுகிறவர்களில் எத்தனை பேர் அவருடைய 1951 கட்டுரையைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? பாலிவினைல் குளோரைடு, பாலிவினைலிடீன் குளோரைடு என்று இரண்டு பிளாஸ்டிக்குகள், பெயரிலும் அமைப்பிலும் பங்காளிகள். இரண்டையும் கரியாக்கி எக்ஸ்ரேயில் பார்த்தார். முதலாவது சூட்டில் கிராஃபைட் ஆனது, இரண்டாவது 3000 டிகிரியிலும் மசியவில்லை. குறைந்த சூட்டிலேயே உண்டாகிவிடும் குறுக்குப் பிணைப்புகள்தான், அதாவது கண்ட திசையில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பிடிகள்தான் காரணம் என்றார். ஆக்சிஜன் மிகுந்த லிக்னினும் அந்த இரண்டாவது கட்சிதான். டிஎன்ஏ பக்கம் வருவதற்கு முன்பே செய்த வேலை ஐயா இது! அனுதாபப்படுவதை நிறுத்திவிட்டு, அந்தக் கட்டுரையை எடுத்துப் படியுங்கள்.

சரி, உங்களுக்குக் கிராஃபைட்தான் வேண்டுமென்றால் சூட்டைக் கூட்டிப் பயனில்லை. இரும்போ நிக்கலோ கலந்து சூடாக்குங்கள். 1000 டிகிரிப் பக்கத்திலேயே அந்த உலோகம் கரியைத் தனக்குள் கரைத்துக்கொண்டு, தகடு தகடாக வெளியே விடும்.