ஒலிக்கருவி கேள்வி–பதில்: கெப்பாசிட்டரை நீக்கிய ஐபாட்

கேள்வி: என்னிடமுள்ள ஐந்தாம் தலைமுறை ஐபாடைத் திறந்து, ஒலிச் சில்லின் வெளியீட்டிலிருந்து நேராக மெல்லிய கம்பி இழுத்து, அடிப்பக்கத்து 30 முனை இணைப்பானுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இடையிலிருந்த சிறு கெப்பாசிட்டர்களை ஒலியின் தூய்மை கருதி நீக்கிவிட்டேன். வெளி ஆம்ப்ளிஃபையரில் செருகும்போது ஹெட்போனில் ‘டப்’பென்று பலத்த ஓசை எழுகிறது, வால்யூமைத் திருகினால் கரகரக்கிறது. பாட்டு மட்டும் நன்றாகத்தான் கேட்கிறது. இதனால் ஹெட்போனுக்குக் கேடு வருமா? (ஈரோடு வாசகர்)

பதில்: வரும். முதலில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

2005இல் வெளிவந்த அந்த ஐபாடில் இருப்பது வோல்ஃப்சன் நிறுவனத்தின் டபிள்யூ.எம். 8758 என்னும் சில்லு. இந்த மாற்றத்தைச் செய்ய விரும்புகிறவர்கள் அக்கருவியைத் தேடிப் பிடித்து வாங்குவதற்கும் அதுவே காரணம். அச்சில்லுக்குக் கிடைப்பது 3 வோல்ட்டை ஒட்டிய ஒற்றை மின்வழங்கல் மட்டுமே. நெகட்டிவ் வழங்கல் கிடையாது. ஒலியலையோ மேலும் கீழும் அசைந்தாக வேண்டும். ஆகவே சில்லு தன் வெளியீட்டை வழங்கலின் பாதியில், அதாவது ஏறத்தாழ ஒன்றரை வோல்ட்டில் நிறுத்திக்கொண்டு, அந்த மட்டத்தைச் சுற்றி ஒலியை அசைக்கிறது. பாட்டு ஓடாமல் நிற்கும் வேளையிலும் அந்த டி.சி. மின்னழுத்தம், அதாவது அசையாமல் ஒரே மட்டத்தில் நிற்கும் மின்னழுத்தம், அங்கேயே இருக்கும். நீங்கள் நீக்கிய கெப்பாசிட்டர்தான் அதை மறித்து, அசைவை மட்டும் வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

‘டப்’ என்ற ஓசை அந்த டி.சி. திடீரென ஆம்ப்ளிஃபையருக்குள் பாய்வதன் அடையாளம். கரகரப்பு, வால்யூம் கட்டுப்பாட்டின் கரித்தடத்தில் அது ஓடுவதன் அடையாளம். உங்கள் ஆம்ப்ளிஃபையரின் உள்வாயிலில் கெப்பாசிட்டர் இல்லை என்பதையும் இவ்விரண்டும் காட்டிக்கொடுக்கின்றன. அத்தகைய ஆம்ப்ளிஃபையர் பாட்டைப் பெருக்குவதுபோலவே டி.சி.யையும் பெருக்கும்: இரண்டு மடங்கு பெருக்கமென்றால் ஹெட்போன் முனையில் 3 வோல்ட். பெருக்கமே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், 32 ஓம் ஹெட்போனில் ஒன்றரை வோல்ட் நிலையாக விழுந்தால் அதன் சுருளில் சுமார் 70 மில்லிவாட் இடைவிடாமல் வெப்பமாக மாறும். 16 ஓம் என்றால் 140. சுருள் தன் நடுநிலையிலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு நிற்பதால் ஒலியும் கோணும். பாட்டு நன்றாகக் கேட்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனெனில் வால்யூமைத் தணித்து வைத்திருக்கும்வரை டி.சி.யும் தணிந்தே இருக்கும். ஒருநாள் நீங்கள் திருகை முழுவதும் ஏற்றும்போது அதுவும் கூடவே ஏறும்.

கேள்வி: வெளியே டி.சி. வருகிறதா என்பதை எப்படிச் சோதிப்பது? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: சாதாரண மல்டிமீட்டர் போதும். ஹெட்போனைச் செருகாமல், பாட்டை நிறுத்தி, ஆனால் ஐபாடை உறங்கவிடாமல் விழிப்பில் வைத்து, முதலில் ஐபாட் கேபிளின் மறுமுனையில் தரைக்கம்பிக்கும் (இரு பக்கத்துக்கும் பொதுவான கிரவுண்ட் முனை) இடது முனைக்கும், பிறகு தரைக்கம்பிக்கும் வலது முனைக்கும் இடையே டி.சி. வோல்ட்டை அளக்க வேண்டும். தடுப்புக் கெப்பாசிட்டர் இருந்தால் அளவு சிறிது நேரத்தில் பூச்சியத்தை நோக்கி இறங்கிவிடும். ஒன்றரை வோல்ட்டில் அசையாமல் நின்றால் தடுப்பு இல்லை. அடுத்து ஆம்ப்ளிஃபையரை இணைத்து, வால்யூமை முழுவதும் ஏற்றி, அதன் ஹெட்போன் துளையில் அளக்க வேண்டும். வால்யூமைக் குறைத்து அளந்து நிம்மதி அடைபவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். 20 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நான் என் ஹெட்போனைத் தயங்காமல் செருகுவேன். 100ஐத் தொட்டால் செருக மாட்டேன். அளவு சரியாக இருந்தபோதிலும் முதல் அரைமணி நேரத்துக்கு, போனால் வருத்தப்படாத பழைய ஹெட்போனையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: தடுப்புக்கு எத்தனை மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வேண்டும்? விலை உயர்ந்தவற்றையே வாங்க வேண்டும் என்கிறார்களே? (மதுரை வாசகர்)

பதில்: கடைகளில் இன்னமும் ‘கண்டென்சர்’ என்றே கேட்கப்படும் இப்பொருளின் அளவை முடிவு செய்வது, அதற்குப் பின்னால் வரும் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டுத் தடை. இரண்டும் சேர்ந்து தாழ்ந்த சுருதிகளை வடிகட்டும். 10 கிலோஓம் உள்ளீட்டுக்கு 2.2 மைக்ரோஃபாரட் வைத்தால் வெட்டு, அதாவது எதற்குக் கீழே ஒலி தணிகிறதோ அந்த இடம், 7 ஹெர்ட்ஸ் அளவில் விழும். அது செவிக்கு எட்டாத இடம். அதே உள்ளீட்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் வைத்தால் வெட்டு 159 ஹெர்ட்ஸுக்கு ஏறி, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கனத்த ஒலி மெலிந்துபோகும். ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் 32 ஓம் ஹெட்போனை இந்தக் கம்பியில் நேரடியாக மாட்ட நினைப்பவர்களுக்கு 220 மைக்ரோஃபாரட் தேவைப்படும். ஆனால் சில்லின் அந்த வெளியீடு ஹெட்போனைச் சுமக்கும் வலுவுடையது அன்று, ஆதலால் அந்த எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது.

வகையைப் பொறுத்தவரை, பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் ஃபிலிம் கெப்பாசிட்டர் போதுமானது. அதற்கு முனைவேறுபாடு இல்லை என்பதும் வசதி. எலெக்ட்ரோலைட்டிக் வகையானால் பாசிட்டிவ் கால் ஐபாட் பக்கம் இருக்க வேண்டும், ஏனெனில் ஒன்றரை வோல்ட் அங்கேதான் இருக்கிறது. கெப்பாசிட்டரின் வெளிப்பக்கத்திலிருந்து தரைக்கு 100 கிலோஓம் தடை ஒன்றைச் சேர்த்துவிட்டால், கேபிளைச் செருகுவதற்கு முன்பே அது சமநிலைக்கு வந்திருக்கும். ‘டப்’ ஓசையும் பெரும்பாலும் அடங்கிவிடும். சில ரூபாய் மதிப்புள்ள இத்தடையை மறந்துவிட்டு, கெப்பாசிட்டர் ஒன்றுக்கே ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதுண்டு.

கேள்வி: கெப்பாசிட்டரை ஐபாடுக்குள் வைப்பதா, கேபிளுக்குள் வைப்பதா? (மீண்டும் ஈரோடு வாசகர்)

பதில்: இடம் இருந்தால் உள்ளேதான். கேபிளில் வைத்தால், வீட்டில் யாரேனும் வேறொரு சாதாரணக் கேபிளை எடுத்து மாட்டும் அன்றைக்கே பாதுகாப்பு முடிந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்தியிருந்தால் உள்ளே தாராளமாக இடம் கிடைக்கும். 60 ஜிபி கருவியின் 14 மில்லிமீட்டர் உடலில் இது 30 ஜிபி கருவியின் 11 மில்லிமீட்டரைவிட எளிது. உள்ளே வைக்க இயலாவிட்டால், கருவியின் முதுகில் ‘தனிக் கேபிள் மட்டும்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

எப்படி வைத்தாலும், திறந்தவுடன் முதல் வேலையாக பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். லித்தியம் பேட்டரியை நெம்பும்போது உலோக முனை அதன்மீது படக் கூடாது. சால்டரிங் அயர்னின் எர்த் கம்பி உண்மையாகவே எர்த்துக்குப் போகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு முள் ப்ளக்கில் ஓடும் மலிவான அயர்னின் முனையில் கசியும் மின்சாரம், சில்லைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும்.