'தௌ' மரியாதைச் சொல்லா? ஆங்கில முன்னிலையைக் கையாளும் முறை

கேள்வி: கல்லூரி விழாவுக்காக ஷேக்ஸ்பியர் காலப் பாணியில் ஓர் ஆங்கில நாடகம் எழுதுகிறோம். 'தௌ', 'தீ', 'தை', 'தைன்', 'யீ' ஆகியவற்றில் எதை யாருக்குப் போடுவது? அரசனை 'தௌ' என்று அழைத்தால்தான் மரியாதை என்கிறார் நண்பர். இன்னொன்று: இன்றைய ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றே இருப்பதால், பலருக்குச் சேர்த்து எழுதும் மின்னஞ்சலில் ஒருவரைச் சொல்கிறோமா, எல்லோரையுமா என்று எப்படிக் காட்டுவது?

பதில்: நண்பர் சொல்வது தலைகீழ். 'தௌ' என்பது நம் 'நீ', 'யூ'தான் 'நீங்கள்'. அரசனை அமைச்சர் 'தௌ' என்றால் அது அவமதிப்பு. (இந்தச் சொற்களின் தகரத்தை 'அது' என்பதில் வரும் த போல மென்மையாக ஒலிக்க வேண்டும். நடிப்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.)

இந்தக் குழப்பம் தேவாலய வாசலில் தொடங்கியது. தெருவில் 'தௌ' வழக்கொழிந்த பிறகும், 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் வேதாகமம் ஆராதனையில் தொடர்ந்து வாசிக்கப்பட்டது. கடவுளை அழைக்கும்போது மட்டுமே காதில் விழும் சொல் உயர்ந்த சொல்லாகத்தானே தோன்றும்? 1952இல் முழுமையாக வந்த ரிவைஸ்டு ஸ்டாண்டர்டு பதிப்பு, மனிதர்களுக்கெல்லாம் 'யூ' போட்டுவிட்டுக் கடவுளுக்கு மட்டும் 'தௌ'வை வைத்துக்கொண்டது. எண்ணம் இன்னும் இறுகிப்போனது. தமிழ் வேதாகமம் கடவுளை 'நீர்', 'உம்முடைய' என்று அழைப்பதால், நம்மவர்கள் 'தௌ'வை 'நீர்' என்றே பொருத்திக்கொள்கிறார்கள்.

ஆனால் 1611ஆம் ஆண்டுப் பதிப்பில் சாத்தானை விரட்டும் வசனத்திலும் 'கெட் தீ பிஹைண்ட் மீ' என்றுதான் இருக்கிறது. அங்கே மரியாதை என்ற கணக்கே இல்லை. கேட்பவர் ஒருவர் என்றால் 'தௌ', பலர் என்றால் 'யீ', 'யூ'. லூக்கா 22ஆம் அதிகாரம் 31, 32 வசனங்களைப் பாருங்கள். இயேசு சீமோனிடம் பேசுகிறார்: சாத்தான் 'யூ'வைப் புடைக்கக் கேட்டான், நான் 'தீ'க்காக வேண்டிக்கொண்டேன். முதலாவது சீடர்கள் எல்லோரும். இரண்டாவது சீமோன் ஒருவன். தமிழில் 'உங்களை', 'உனக்காக' என்று இந்த வேறுபாடு அப்படியே நிற்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டும் 'யூ' ஆகிவிடுவதால், சில புதிய மொழிபெயர்ப்புகள் 'ஆல் ஆஃப் யூ' என்று விரித்து எழுதுகின்றன.

பழைய ஆங்கிலத்தில் இந்த எண்ணிக்கைக் கணக்கு இன்னும் நுட்பமானது. ஒருவருக்கு 'தூ', பலருக்கு 'யே', சரியாக இருவருக்கு மட்டும் 'யித்' என்று மூன்று இருந்தன. இருமை 13ஆம் நூற்றாண்டோடு போய்விட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் பிரெஞ்சு வழக்கத்தைப் பார்த்து, பெரிய மனிதர் ஒருவரையும் பன்மையால் அழைக்கும் பழக்கம் ஆங்கிலத்துக்குள் வந்தது. நாம் ஒருவரை 'நீங்கள்' என்பதும் இதே வழிதான்.

ஆக உங்கள் முன் இரண்டு முறைகள் இருக்கின்றன. வேதாகம முறை எண்ணிக்கையைப் பார்க்கும். மேடை முறை உறவைப் பார்க்கும். நீங்கள் எழுதுவது நாடகம் என்பதால் மேடை முறையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் அரசவைக் காட்சியே குலைந்துவிடும்.

மேடையில் எஜமானன் வேலைக்காரனை 'தௌ' என்பான். வேலைக்காரன் திருப்பி 'யூ' என்பான். மேட்டுக்குடியினர் தங்களுக்குள், கணவன் மனைவியாகவே இருந்தாலும், பெரும்பாலும் 'யூ'. எளிய மக்கள் தங்களுக்குள் 'தௌ'. தனிமையில் காதலர்கள், பெற்றோர் பிள்ளையிடம், கடவுள், ஆவி, இறந்தவர், எதிரே இல்லாதவர் எல்லோருக்கும் 'தௌ'. கோபம் வந்தாலும் 'தௌ'தான். 1603இல் வின்செஸ்டரில் வால்டர் ராலே மீது தேசத்துரோக வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பில் வாதிட்ட எட்வர்ட் கோக் 'ஐ தௌ தீ, தௌ ட்ரெய்ட்டர்' என்று அவரை நோக்கிச் சீறினார். உன்னை 'நீ' என்றே சொல்வேன், துரோகி என்பது பொருள். அந்தச் சொல்லையே வினைச்சொல்லாக்கி அடித்திருக்கிறார்.

இந்த விதிகளைவிட முக்கியம், ஒரே ஆள் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடம். ஹாம்லெட் மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி. தாய் ஆரம்பிக்கிறாள்: 'ஹாம்லெட், தௌ ஹாஸ்ட் தை ஃபாதர் மச் அஃபெண்டெட்.' உன் தந்தையின் மனதைப் புண்படுத்திவிட்டாய் என்கிறாள். பிள்ளையிடம் பேசும் உரிமை அதில் இருக்கிறது. 'தந்தை' என்று அவள் சொல்வது தான் மறுமணம் செய்துகொண்டவனை. மகன் பதில்: 'மதர், யூ ஹாவ் மை ஃபாதர் மச் அஃபெண்டெட்.' வாக்கியம் அதேதான், ஆனால் 'யூ'. 'என் தந்தை' என்று அவன் சொல்வது இறந்துபோன அரசனை. தாயிடம் 'யூ' என்பது முறைதான் என்றாலும், அவள் வாக்கியத்தையே திருப்பி வீசுவதால் அது விலகலாக ஒலிக்கிறது. உடனே அவளும் 'கம், கம், யூ ஆன்சர் வித் அன் ஐடில் டங்' என்று 'யூ'வுக்கு மாறிவிடுகிறாள். மூன்றே வரிகளில் தாய்ப்பாசம் பின்வாங்கி நிற்கிறது. உங்கள் நாடகத்திலும் இப்படி ஒன்றிரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். காரணமில்லாமல் வரிக்கு வரி மாற்றினால் இந்தக் கருவி மழுங்கிவிடும்.

இனி வடிவங்கள். எழுவாய் 'தௌ', செயப்படுபொருள் 'தீ'. 'உன்' என்பதற்கு 'தை'. உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'தைன் ஐஸ்' என்பதுபோல 'தைன்' வரலாம், கட்டாயமில்லை. 'உன்னுடையது' என்று தனித்து நின்றால் 'தைன்' மட்டுமே. 'யீ' முன்பு எழுவாய்க்கும் 'யூ' செயப்படுபொருளுக்கும் உரியவை. ஷேக்ஸ்பியர் காலத்துக்குள் இந்த எல்லை அழிந்துவிட்டதால் நீங்கள் எங்கும் 'யூ' போட்டாலே போதும். கடைப் பலகைகளில் காணும் 'யீ ஓல்டு' இந்த 'யீ' அல்ல. 'தோர்ன்' என்ற பழைய எழுத்து கையெழுத்தில் ஒய் போலத் தெரிந்ததால் வந்த தோற்றம் அது. உண்மையில் 'தி' என்றே படிக்க வேண்டும்.

அதிகம் சறுக்கும் இடம் வினைமுற்று. 'தௌ'வோடு வரும் வினை 'எஸ்ட்' அல்லது 'ஸ்ட்' ஏற்கும்: 'தௌ நோயெஸ்ட்', 'தௌ ஸ்பீக்கெஸ்ட்'. துணைவினைகளை மனப்பாடம் செய்துகொள்வதே வழி: ஆர்ட், ஹாஸ்ட், டஸ்ட், வில்ட், ஷால்ட், கான்ஸ்ட், இறந்தகாலத்தில் வாஸ்ட் அல்லது வெர்ட், ஹாட்ஸ்ட், டிட்ஸ்ட். 'மஸ்ட்' மாறாது. 'கோயெத்', 'ஹாத்', 'டத்' என்று 'த்' ஒலியில் முடிபவை படர்க்கைக்கு, அதாவது 'ஹீ', 'ஷீ', 'இட்' என்பவற்றுக்கு உரியவை. 'தௌ ஹாத்', 'ஐ கோயெத்' என்று பழமை தெரியவேண்டும் என்பதற்காகச் சேர்ப்பது தப்பு. கேள்வியில் விகுதி ஒருமுறைதான் வரும்: 'நோயெஸ்ட் தௌ?' சரி, 'டஸ்ட் தௌ நோ?' சரி, 'டஸ்ட் தௌ நோயெஸ்ட்?' தவறு. ஏவலில் விகுதி கிடையாது. 'இஃப் தௌ பீ' போன்ற ஐயத் தொடரிலும் விகுதி இல்லாமல் எழுதலாம்.

'தீ ஈஸ்', 'தீ ஹாஸ்' என்று எங்காவது படித்திருந்தால் அது குவேக்கர் சமயத்தாரின் பிற்கால வழக்கு. 17ஆம் நூற்றாண்டில் அவர்கள், ஒருவரைப் பன்மையால் புகழ்வது பொய் என்று சொல்லி நீதிபதியையும் 'தௌ' என்றே அழைத்து வசை வாங்கினார்கள். ஊரோ எதிர்த்திசையில் போனது. எதிரில் நிற்பவரின் தகுதி தெரியாதபோது 'யூ' சொல்வதே பாதுகாப்பு; அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பொதுப் பேச்சில் 'தௌ' அரிதாகிவிட்டது. யார்க்ஷயர் போன்ற வட்டாரங்களில் 'தா' என்று பின்னும் வாழ்ந்தது. ஒருவரிடமும் நாம் 'யூ ஆர்' என்று பன்மை வினையே போடுவது இந்த வரலாற்றின் மிச்சம்.

மின்னஞ்சலுக்கு வருவோம். ஒருமை, பன்மை வேறுபாடு எழுத்தாங்கிலத்தில் எஞ்சியிருப்பது 'யுவர்செல்ஃப்', 'யுவர்செல்வ்ஸ்' என்ற ஓரிடத்தில் மட்டும்தான். மற்ற இடங்களில் எண்ணைச் சேர்த்துச் சொல்லுங்கள்: 'போத் ஆஃப் யூ', 'ஆல் த்ரீ ஆஃப் யூ', 'ஈச் ஆஃப் யூ'. கடைசியில் உள்ளது பொறுப்பைத் தனித்தனியே பிரித்துக் கொடுக்கும் என்பதால் வேலை ஒப்படைக்கும்போது மிகவும் உதவும். ஒருவரை மட்டும் குறித்தால் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே பெயரைப் போட்டுவிடுங்கள். 'யால்' அமெரிக்கத் தென்பகுதியின் இயல்பான பேச்சு, 'யூஸ்' அயர்லாந்து, லிவர்பூல் போன்ற இடங்களின் பேச்சு. அலுவல் கடிதத்தில் இரண்டும் வேண்டாம். 'யூ கைஸ்' நெருங்கிய குழுவுக்குச் சரி, பெண்களையும் அப்படி அழைப்பதைச் சிலர் விரும்புவதில்லை.

'நீங்கள்லாம்' என்ற நினைப்பில் நம்மவர்கள் எழுதும் 'யூ பீப்பிள்' பற்றி அவசியம் எச்சரிக்க வேண்டும். அமெரிக்கர், பிரிட்டிஷார் காதில் அது ஓர் இனத்தையோ கூட்டத்தையோ ஒதுக்கிப் பேசுவதாக ஒலிக்கும். 'யூ ஆல்' அல்லது 'யுவர் டீம்' என்று மாற்றுங்கள். மரியாதைக்காக வாக்கியத்தின் நடுவில் 'யூ'வைப் பெரிய எழுத்தில் தொடங்குவதும், 'யுவர் குட்செல்ஃப்' என்பதும் தேவையில்லை. இன்றைய ஆங்கிலத்தில் பணிவை 'குட் யூ', 'வுட் யூ' என்ற கேட்கும் முறையும், பெயருக்கு முன் வரும் பட்டமும் காட்டிவிடும்.