மகன் 'ஸ்பை ஸ்கூல்' என்ற ஆங்கிலச் சிறுவர் நாவல் தொடரைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. நல்ல புத்தகங்களுக்கு அவனை எப்படி மாற்றுவது?

மாற்ற வேண்டாம். உங்கள் மகனுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதிருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்த யாரோ அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னும் இதைத்தான் படிக்கிறானா?" என்று கேட்டிருப்பார்கள், அது உங்களை உறுத்துகிறது. என்னையும் கேட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியில். 2012இல் எழுத்தாளர் ஸ்டூவர்ட் கிப்ஸ் தொடங்கிய இந்தத் தொடரின் நாயகன் பென் ரிப்ளியின் வீடும் இங்கேதான், வியன்னா என்ற ஊரில். அவன் பள்ளி விட்டு வந்தால் கூடத்தில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் ஆள் ஒருவர் இருக்கிறார். வாஷிங்டனில் அறிவியல் பள்ளி என்ற பெயரில் நடக்கும் உளவுப் பள்ளியில் உனக்கு இடம் கிடைத்திருக்கிறது என்கிறார். பக்கத்து ஊர்ப் பெயரைப் பார்த்துத்தான் என் மகள் அந்தப் புத்தகத்தை எடுத்தாள்.

கீழே வைக்க விடாமல் செய்தது வேறு விஷயம். அந்த வருடம் பள்ளியில் மேம்பட்ட வகுப்புக்குத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளில் அவள் பெயர் வரவில்லை. தோழிகள் எல்லாரும் போய்விட்டார்கள். பல நாள் முகம் கொடுத்தே பேசவில்லை. கதையில் பென்னுக்கும் அதே அடி: திறமைக்காக அவனைச் சேர்க்கவில்லை, பள்ளிக்குள் ஒளிந்திருக்கும் துரோகியைப் பிடிக்கத் தூண்டிலாகத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள். (துரோகி யார் என்று நான் சொல்லவில்லை, கோபிக்காதீர்கள்.) அவனுக்குச் சண்டை வராது, சுடவும் வராது, கணக்கு மட்டும் நன்றாக வரும். அந்தத் தலையை வைத்தே தாக்குப்பிடிக்கிறான். எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடும் உளவாளி அலெக்சாண்டர் ஹேல் ஒன்றுக்கும் உதவாதவர். கெட்டிக்காரி அவர் மகள் எரிக்காதான். "செலக்ட் பண்றவங்க சொல்றது எப்பவும் கரெக்டா இருக்காதும்மா" என்றாள் என் மகள் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டே. நாங்கள் சொன்ன எந்த ஆறுதலும் செய்யாததை அந்தப் புத்தகம் செய்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மேம்பட்ட வகுப்பு முடிவு வரும் நாளில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் "உங்க வீட்ல வந்துடுச்சா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்களே, இதை எப்போது நிறுத்துவார்கள்? பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் அதே பேச்சு. பக்கத்து அறையில் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

இதெல்லாம் இலக்கியமா என்று சிலர் வருவார்கள். இலக்கியம் என்று நான் சொல்லவில்லையே. துப்பாக்கி, வெடிகுண்டு வருகிறது என்பார்கள். வருகிறதுதான், ஆனால் ரத்தம் சொட்டும் வர்ணனை கிடையாது, ஆபத்தின் நடுவிலும் கிப்ஸ் சிரிக்க வைக்கிறார். தமிழ் சொல்லித்தரவில்லையா என்பவர்களுக்கு: வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கும் போகிறாள். ஒன்று இன்னொன்றைக் கெடுக்கவில்லை.

அந்த ஹேல் குடும்பம் நேதன் ஹேலின் வழிவந்தது என்று கதையில் வரும். அவர் நிஜ மனிதர், ஜார்ஜ் வாஷிங்டனின் படைக்காக உளவு பார்க்கப் போய் 1776இல் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்டவர். சிஐஏ தலைமையகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. யார் இவர் என்று தேடப்போன என் மகள், அமெரிக்கச் சுதந்திரப் போர் பற்றிய புத்தகங்களாக நூலகத்திலிருந்து தூக்கி வந்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தொடர் முடிந்து அவனே "அடுத்து என்ன?" என்று கேட்டால் அதே எழுத்தாளரின் 'பெல்லி அப்' கொடுங்கள், விலங்குக் காட்சிசாலையில் ஒரு நீர்யானையைக் கொன்றது யார் என்று ஒரு பையன் துப்புத் துலக்கும் கதை. பிறகு 'சார்லி தோர்ன்', அதில் ஐன்ஸ்டைன் ஒளித்துவைத்த சமன்பாட்டை ஒரு சிறுமி தேடுகிறாள். 'ஸ்பை ஸ்கூல்' பத்துப் புத்தகத்துக்கு மேல் போகிறது. நடுவில் ஒன்று நூலகத்தில் இல்லையென்றால் முன்பதிவு செய்து காத்திருந்து வரிசையாகவே கொடுங்கள், முந்தைய புத்தகத்தின் மர்மத்தை அடுத்ததில் மறைக்காமல் பேசிவிடுவார்கள்.